மச்சை மாற்றிய பிள்ளையின் சிறுநீரகத்தை யார் பார்ப்பது?

மன்னாரிலிருந்து அநுராதபுரத்துக்குப் போய்வருகிறவர்களுக்குச் சிறுநீரக நோய் புதிதல்ல. முருங்கன், மடுச்சந்தி கடந்து பஸ் மெதவாச்சியை அண்டும்போது வீதியோரமாகக் குடிநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் தென்படத் தொடங்கும். 1990களிலிருந்து வடமத்திய மாகாண விவசாயிகளை வாட்டிவரும், காரணம் இன்னும் முழுதாகப் பிடிபடாத அந்தச் சிறுநீரக நோயைப் பற்றிக் கேள்விப்படாதவர் இந்தப் பாதையில் குறைவு. அதனால் மன்னார் உப்புக்குளத்தில் யாரிடமாவது 'கிட்னி வருத்தம்' என்று சொன்னால், வயலில் காய்ந்து கறுத்த நாற்பது ஐம்பது வயது ஆண் ஒருவரின் முகம்தான் அவர் மனதில் வரும். பத்து வயதுப் பிள்ளையின் முகம் வராது.

அது வர வேண்டிய வீடுகளும் இருக்கின்றன. பரம்பரை இரத்த நோயான தலசீமியாவுக்காகவோ இரத்தப் புற்றுநோய்க்காகவோ எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை பெற்று, 'இனிச் சுகம்' என்று வீடு திரும்பிய பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு, மாதங்கள் அல்லது வருடங்கள் கழித்துச் சிறுநீரகம் பழுதாகத் தொடங்குகிறது. எல்லாருக்கும் அல்ல, பெரும்பாலானவர்களுக்கும் அல்ல. யாருக்கு என்பது பார்த்தால்தான் தெரியும். பார்ப்பதற்கு வேண்டியவையோ ஒரு பிரஷர் கருவி, ஒரு சிறுநீர்ச் சோதனை, ஒரு இரத்தச் சோதனை, ஒரு அளவுகோல் மட்டுமே. மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலையில் செய்ய முடியாத வேலை இதில் எதுவும் இல்லை. இருந்தும் இந்தப் பிள்ளைகளுக்காக அதைச் செய்வது தன் பொறுப்பு என்று சொல்ல ஒருவர் இல்லை என்பதுதான் சிக்கல்.

இலங்கையில் தலசீமியாவோடு வாழ்பவர்கள் ஏறத்தாழ 2,000 பேர். குருநாகலில் தேசிய தலசீமியா நிலையம் இருக்கிறது. அநுராதபுரத்திலும் ராகமையிலும் பெரிய சிகிச்சைப் பிரிவுகள் இருக்கின்றன. மாதாமாதம் இரத்தம் ஏற்றுவது, ஏற்றிய இரத்தத்தோடு சேரும் இரும்பைக் கரைக்க இரவிரவாக டெஸ்பெரல் பம்ப் பூட்டுவது அல்லது டெஃபெராசிரொக்ஸ் குளிசை கொடுப்பது என்று இந்த வீடுகளின் நாட்காட்டியே நோயைச் சுற்றித்தான் ஓடும். அந்தச் சுற்றிலிருந்து முழுதாக வெளியேறுவதற்கு நீண்டகாலமாக நிலைபெற்ற வழி மச்சை மாற்றுத்தான்.

அந்த வழி திறந்தது 1981 டிசம்பரில். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டொனால் தோமஸ் தலைமையிலான வைத்தியர்கள், 14 மாதக் குழந்தை ஒன்றுக்குச் சகோதரரின் மச்சையைச் செலுத்தித் தலசீமியாவை முதன்முறையாகக் குணப்படுத்தினார்கள். அதே மாதத்தில் இத்தாலியின் பெசாரோவில் குய்டோ லூக்கரெல்லியும் தன் முதல் தலசீமியாச் சிகிச்சையைத் தொடங்கினார். தோமஸுக்கு 1990இல் நோபல் பரிசு கிடைத்தது. தமிழ்நாட்டில் வேலூர் சி.எம்.சி. 1986இல் இந்தச் சிகிச்சையைத் தொடங்கியது. கடந்த சில வருடங்களில் கொழும்பிலும் இது வந்துவிட்டது. தனியார் வைத்தியசாலையில் நடக்கிறது, மஹரகம அபேக்ஷா அரச வைத்தியசாலையிலும் மச்சை மாற்றுப் பிரிவு இருக்கிறது. ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த பிள்ளைகளில் ஒருவருடைய மச்சை இன்னொருவருக்குப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. பொருந்திய சகோதரர் இருந்து, ஈரல் கெடுமுன் சிறு வயதிலேயே செய்துகொண்டால், அனுபவமுள்ள நிலையங்களில் பத்துப் பிள்ளைகளில் எட்டு, ஒன்பது பேர் தலசீமியா இல்லாமல் வாழ்கிறார்கள். இது உண்மையாகவே பெரிய வெற்றி. கீழே சொல்லப்போவது எதுவும் அந்த வெற்றியைக் குறைப்பதற்கல்ல.

மன்னாரிலிருந்து அங்கே போய்ச் சேருவதுதான் பாடு. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி ஏறத்தாழ 30 கிலோமீற்றர். ஆனால் சென்னைக்கோ வேலூருக்கோ பிள்ளையைக் கொண்டுபோகிறவர்கள் பெரும்பாலும் கட்டுநாயக்காவுக்கோ பலாலிக்கோ போய் விமானம் ஏறித்தான் அந்தக் கடலைத் தாண்டுகிறார்கள். காணி ஈடு வைத்து, பள்ளிவாசலிலும் கோயிலிலும் கேட்டு, வெளிநாட்டுச் சொந்தங்களுக்குப் போன் எடுத்து, ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பித்துச் சேர்க்கிற காசு முழுக்க அந்த ஒரு சிகிச்சைக்கும் அதற்குப் பிறகான சில மாதங்களுக்குமே போய்விடும். அடுத்த இருபது வருடத்துக்கு என்று யாரும் காசு சேர்ப்பதில்லை. சேர்க்கச் சொல்வதும் இல்லை.

சிறுநீரகத்துக்கு இதில் என்ன நடக்கிறது?

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சராசரியாகப் பத்து இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. அவை தாயின் வயிற்றில் ஏறத்தாழ 36 வாரத்துக்குள் உருவாகி முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஒன்றுகூடப் புதிதாக முளைக்காது. இழந்தவற்றின் வேலையை மிஞ்சியவை இழுத்துப் போட்டுச் செய்யும். பத்துப் பேர் இழுக்க வேண்டிய கரைவலையை ஆறு பேர் இழுப்பது போலத்தான்: வலை கரைக்கு வரும், ஆனால் அந்த ஆறு பேரின் முதுகு சீக்கிரம் போய்விடும். பிள்ளை வளர வளர உடம்பு பெருக்கிறது. வடிகட்டிகளின் எண்ணிக்கை பெருப்பதில்லை. ஆறு வயதில் தாக்குப்பிடித்த சிறுநீரகம், பெரிய பிள்ளையாகும் பருவத்தில் திணறுவதற்கு இது ஒரு காரணம்.

மச்சை மாற்றின்போது அந்த வடிகட்டிகளின் மீது விழும் அடிகள் பல. பழைய மச்சையை அழிக்கக் கொடுக்கும் மருந்துகள் முதலில் வரும். இரத்தப் புற்றுநோய்ப் பிள்ளைகளில் சிலருக்கு உடம்பு முழுவதற்கும் கதிர்வீச்சும் கொடுப்பார்கள். கதிர்வீச்சு சிறுநீரகத்தைச் சுடும் என்பதை 1980களிலேயே கண்டுகொண்டு, அமெரிக்காவின் மில்வாக்கி வைத்தியர்கள் சிறுநீரகப் பகுதிக்குத் தடுப்பு வைத்துப் பார்த்தபோது பாதிப்பு நன்றாகக் குறைந்தது. தலசீமியாப் பிள்ளைகளுக்குப் பொதுவாகக் கதிர்வீச்சு தேவைப்படுவதில்லை என்பது ஆறுதல். அடுத்த அடி, இரத்த அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும் வாரங்களில் வரும் தொற்றுகளும் அவற்றை அடக்கக் கொடுக்கும் மருந்துகளும்: அமிக்காசின், வன்கோமைசின், பூஞ்சணத்துக்கு அம்போட்டெரிசின். இவை உயிரைக் காக்கிற மருந்துகள், கொடுக்காமல் விட முடியாது. ஆனால் ஒவ்வொன்றும் சிறுநீரகத்திடம் ஒரு விலை வாங்கும்.

எல்லாவற்றையும் விட நீண்ட நாள் தொடர்வது சைக்ளோஸ்போரின். கொடையாளியின் அணுக்கள் பிள்ளையின் உடம்பை அந்நியம் என்று நினைத்துத் தாக்காமல் இருக்க மாதக்கணக்கில் கொடுக்கும் மருந்து அது. டக்ரோலிமஸும் அதே வகை. சிறுநீரகத்துக்குள் போகும் நுண்குழாய்களை இவை இறுக்குகின்றன, பிரஷரை ஏற்றுகின்றன. அளவு கொஞ்சம் கூடினாலும், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியாட்டினின் என்ற கழிவு இரத்தத்தில் ஏறும். கொடையாளியின் அணுக்களின் தாக்குதலும் தன் பங்குக்குச் சில பிள்ளைகளில் சிறுநீரகத்தைத் தொட்டு, சிறுநீரில் புரதம் ஒழுகச் செய்கிறது.

சியாட்டிலில் சங்கீதா ஹிங்கொரானி என்ற சிறுவர் சிறுநீரக நிபுணரும் அவரது குழுவினரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கணக்கைத் தெளிவாக வைத்தது. மச்சை மாற்றுச் செய்துகொண்ட 1,635 பேரைத் தொடர்ந்து பார்த்ததில் 376 பேருக்கு, அதாவது 23 சதவீதத்தினருக்கு, நாட்பட்ட சிறுநீரகப் பாதிப்பு வந்திருந்தது. பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்த கணக்கு அது, பெரும்பாலானவர்கள் புற்றுநோய்க்காரர்கள். அதை அப்படியே தலசீமியாப் பிள்ளைகள் மேல் போட்டு உம்மாமாரைப் பயமுறுத்தக் கூடாது. ஆனால் அந்த ஆய்வு காட்டிய ஒன்று எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும். சிகிச்சையின் ஆரம்ப வாரங்களில் சிறுநீரகம் ஒருமுறை சடுதியாகப் பழுதாகித் தேறியவர்களுக்குத்தான் பிற்காலப் பாதிப்பு கூடுதலாக வந்தது. 'கிரியாட்டினின் ஏறினது, பிறகு இறங்கிட்டுது' என்று வீட்டார் மறந்துவிடும் அந்தச் சம்பவம்தான் பின்னாளைய வைத்தியருக்குத் தெரிந்திருக்க வேண்டிய முதல் செய்தி.

தெரிவதில்லை. காரணம், கிரியாட்டினின் என்ற அந்த எண்ணை நாம் வாசிக்கும் முறையே பிழை.

ஒரு றிப்போட்டை எடுத்துக்கொள்வோம். பிள்ளையின் உயரம் 110 சென்ரிமீற்றர், ஆறேழு வயது உயரம். இரத்தத்தில் கிரியாட்டினின் 0.8. பக்கத்தில் 'சாதாரண அளவு 0.6 முதல் 1.2 வரை' என்று அச்சடித்திருக்கிறது. பார்க்கிறவர்கள் நிம்மதியாகக் கடதாசியை மடித்துப் பைக்குள் வைத்துவிடுவார்கள். ஆனால் அது வளர்ந்தவர்களுக்கான அளவு. கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. பிள்ளைக்குத் தசை குறைவு, எண்ணும் குறைவாகத்தான் இருக்க வேண்டும். சிறுவர் வைத்தியர்கள் பயன்படுத்தும் சுவார்ட்ஸ் சூத்திரம் மிக எளிது: உயரத்தை 0.413ஆல் பெருக்கி, கிரியாட்டினினால் பிரிப்பது. 110ஐ 0.413ஆல் பெருக்கினால் 45.4. அதை 0.8ஆல் பிரித்தால் 57. நல்ல சிறுநீரகத்துக்கு இது 90க்கு மேலே இருக்க வேண்டும். 60க்குக் கீழே வந்து மூன்று மாதம் நீடித்தால் அது நாட்பட்ட சிறுநீரக நோயின் மூன்றாம் கட்டம். ஆக, 'சாதாரணம்' என்று அச்சடித்த றிப்போட்டோடு வீடு போன பிள்ளையின் சிறுநீரகம் ஏறத்தாழப் பாதி வேலைதான் செய்துகொண்டிருக்கிறது.

அதுவும் தாராளமான கணக்கு. மாதக்கணக்கில் வார்டில் கிடந்து, ஸ்டீரொயிட் எடுத்து, கை கால் மெலிந்து வந்த பிள்ளைக்குத் தசை இன்னும் குறைவு. கிரியாட்டினின் இன்னும் அழகாகத் தெரியும், சிறுநீரகம் அதைவிட மோசமாக இருக்கும். ஆய்வுகூட விண்ணப்பத்தில் பிள்ளையின் உயரத்தை எழுதுவதற்கு ஒரு கட்டம் போட்டு, றிப்போட்டில் இந்தக் கணக்கையும் சேர்த்து அச்சடிப்பதற்குப் புதுக் கருவி எதுவும் வாங்கத் தேவையில்லை. இதை இன்னும் செய்யாமல் இருப்பதற்கு ஒரு நியாயமும் தென்படவில்லை.

பிரஷரிலும் இதே கதைதான். 110க்கு 70 என்றால் பெரியவர்களுக்கு அருமையான பிரஷர். ஏழு வயதுப் பிள்ளைக்கு 106க்கு 68ஐத் தொட்டாலே மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்று அமெரிக்கச் சிறுவர் மருத்துவ அமைப்பின் 2017ஆம் ஆண்டு அட்டவணை சொல்கிறது. அளக்கும் பட்டியும் பிள்ளையின் கைக்கு அளவாக இருக்க வேண்டும். பெரியவர்களின் பட்டியைச் சின்னக் கையில் சுற்றினால் உண்மையைவிடக் குறைவான எண்தான் வரும். அப்படி ஒரு குறைந்த எண்ணைப் பார்த்து 'பிரச்சினை இல்லை' என்று அனுப்பிவிடுவது எவ்வளவு எளிது! மூன்றாவது சோதனை, காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்ப்பது. கிரியாட்டினின் ஏறுவதற்கு வெகு முன்பே சிறுநீரகம் தன் பாட்டைச் சொல்லும் இடம் அதுதான். மச்சை மாற்றி நூறாவது நாள் அளவில் சிறுநீரில் அல்புமின் அதிகமாகப் போகிறவர்களின் எதிர்காலம் மோசமாக இருந்ததை ஹிங்கொரானியின் குழு 2008இல் காட்டியிருக்கிறது.

சர்வதேசப் பரிந்துரைகள் இதையெல்லாம் எப்போது பார்க்க வேண்டும் என்று எழுதிவைத்திருக்கின்றன. 2006இல் வெளியாகி 2012இல் புதுப்பிக்கப்பட்ட அந்தப் பரிந்துரைகளின்படி, மச்சை மாற்றி ஆறாம் மாதத்திலும் ஒரு வருடத்திலும், அதன்பின் ஒவ்வொரு வருடமும் சிறுநீரகத்தைச் சோதிக்க வேண்டும். பிரஷரை ஒவ்வொரு கிளினிக்கிலும் பார்க்க வேண்டும். ஐந்து வருடத்தோடு நிறுத்தலாம் என்று எங்கும் சொல்லவில்லை.

தலசீமியாப் பிள்ளைக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. மச்சை மாறினாலும், அதுவரை ஏற்றிய இரத்தத்தில் வந்து ஈரலிலும் இதயத்திலும் படிந்த இரும்பு அங்கேயேதான் இருக்கும். அதைக் கரைக்கும் டெஃபெராசிரொக்ஸ் குளிசையே சிறுநீரகத்தைத் தொடக்கூடியது. கிரியாட்டினினை ஏற்றும், சில பிள்ளைகளில் சிறுநீரகத்தின் குழாய்ப் பகுதியைக் கெடுத்துப் பொஸ்பேற்றையும் சீனியையும் சிறுநீரில் ஒழுக விடும். பெசாரோக்காரர்கள் இதற்கு ஓர் அழகான வழி கண்டார்கள். புது மச்சை நன்றாக வேலை செய்யத் தொடங்கிய பிள்ளையிடமிருந்து உடல் எடையில் கிலோவுக்கு 6 மில்லிலீற்றர் வீதம் 14 நாளுக்கு ஒருமுறை இரத்தத்தை எடுத்துவிடுவது. எடுத்த இரத்தத்தை ஈடுசெய்யப் புது மச்சை உடம்பில் தேங்கிய இரும்பைத் தானே இழுத்துப் பயன்படுத்திக்கொள்ளும். இருபது கிலோப் பிள்ளைக்கு 120 மில்லிலீற்றர். பிறந்ததிலிருந்து இரத்தம் ஏற்றியே வளர்ந்த பிள்ளையிடமிருந்து இரத்தம் எடுக்கப் போகிறோம் என்றால் எந்த உம்மாவும் முதலில் நெஞ்சைப் பிடிப்பார். இதைப் பொறுமையாக விளக்கி, மன்னார் வார்டிலேயே செய்து அனுப்பினால், சிறுநீரகத்துக்கு ஒரு சுமையும் இல்லாமல் இரும்பு இறங்கும். எந்தப் பிள்ளைக்கு இது பொருந்தும் என்பதை மச்சை மாற்றிய வைத்தியர் எழுதிக் கொடுக்க வேண்டும்.

எழுதிக் கொடுப்பது என்று வந்தால், அங்கேதான் நூல் அறுகிறது. சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வரும் டிஸ்சார்ஜ் கடதாசி ஆங்கிலத்தில் பல பக்கம் இருக்கும். வாசிக்கிற வைத்தியருக்கும் கிளினிக் நெரிசலில் அதைப் புரட்ட நேரம் இருக்காது. உப்புக்குளத்துக்கு மேலதிகமாக ஒரு கதையும் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது ஊரை விட்டுப் போய், புத்தளத்தில் இரண்டு தசாப்தங்கள் வாழ்ந்து திரும்பிய குடும்பங்களில் பல, இன்றைக்கும் இரண்டு மாவட்டத்திலும் கால் வைத்துத்தான் வாழ்கின்றன. அப்படிப்பட்ட வீட்டில் பிள்ளையின் கிளினிக் கொப்பிகளும் அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று பிரிந்துபோவது இயல்பு. எந்த மருந்து எத்தனை நாள் கொடுத்தார்கள், கிரியாட்டினின் எவ்வளவு தூரம் ஏறியது, சைக்ளோஸ்போரினை எப்போது நிறுத்தினார்கள் என்று பத்து வருடம் கழித்துக் கேட்டால் பதில் சொல்ல ஒரு கடதாசியும் மிஞ்சியிருக்காது.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சிறுவயதுப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களுக்குச் சிகிச்சைச் சுருக்கத்தைக் கடவுச்சீட்டு மாதிரிக் கையில் கொடுத்துவிடும் முறை வந்திருக்கிறது. இலங்கைக்கு இதை வெளியே இருந்து கற்க வேண்டிய தேவைகூட இல்லை. நம்முடைய குடும்ப நல உத்தியோகத்தர்கள் ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுக்கும் சுகாதார விருத்திப் பதிவேடு, பெண்பிள்ளைக்கு இளஞ்சிவப்பும் ஆண்பிள்ளைக்கு நீலமுமாக, தாய்மார் நகைநட்டுக்கு அடுத்தபடியாகப் பத்திரப்படுத்தும் பொருள். இடம்பெயர்ந்த காலத்திலும் அதைக் கைவிடாதவர்கள் இருக்கிறார்கள். மச்சை மாற்றிய பிள்ளையின் பதிவேட்டில் ஒரு பக்கம் ஒட்டினால் போதும். கொடுத்த மருந்துகள், சிறுநீரகம் பழுதான நாட்கள், வீடு திரும்பும்போது உயரமும் கிரியாட்டினினும் பிரஷரும், இனிக் கொடுக்கக் கூடாத மருந்துகள். தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும்.

அந்தக் 'கொடுக்கக் கூடாதவை' பகுதி கொஞ்சம் விரிவாகவே இருக்க வேண்டும், ஏனென்றால் பிள்ளைக்கு ஆபத்து பெரும்பாலும் சாதாரண நாளில்தான் வருகிறது. காய்ச்சல் என்று பாமசியில் கேட்டு வாங்கும் ஐபியூபுரோஃபன், நோவுக்கு வைக்கும் டைக்ளோஃபெனாக், இரண்டும் ஏற்கெனவே அடிபட்ட சிறுநீரகத்துக்குப் பகை. டெங்குக் காலத்தில் 'பனடோல் மட்டும்' என்று சுகாதாரப் பகுதியினர் சொல்லிச் சொல்லி ஊருக்குப் பழக்கியிருக்கிறார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு அது எல்லாக் காலத்துக்குமான விதி. சைக்ளோஸ்போரின் எடுத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இருமல் என்று எரித்ரோமைசினோ கிளாரித்ரோமைசினோ கொடுத்தால், சில நாட்களில் இரத்தத்தில் சைக்ளோஸ்போரின் கட்டுமீறி ஏறி, சிறுநீரகத்தை நெரித்துவிடும். எழுதிக் கொடுத்த வைத்தியரிடம் குற்றம் இல்லை. பிள்ளை என்ன மருந்தில் இருக்கிறது என்று அவருக்குச் சொல்ல ஒரு பக்கம் இல்லாததே குற்றம்.

சாப்பாட்டிலும் இரண்டொரு விஷயம். உப்புக்குளத்து வீட்டில் கருவாடு இல்லாத கிழமை இல்லை. பிரஷர் ஏறத் தொடங்கிய பிள்ளைக்கு அந்த உப்பு நேரே போய்ச் சிறுநீரகத்தில்தான் உறைக்கும். கருவாட்டை ஊறவைத்துத் தண்ணியைக் கொட்டினாலும் உப்பு முழுதாகப் போய்விடாது, அதனால் பச்சை மீன் கிடைக்கிற ஊரில் பிள்ளைக்குப் பச்சை மீனையே கொடுக்கலாம். நட்சத்திர வடிவில் அரியும் காமரங்காயைச் சாறாகப் பிழிந்து குடித்தவர்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்ததை இலங்கை வைத்தியர்களே பதிவுசெய்திருக்கிறார்கள். சிறுநீரகம் பலவீனமான பிள்ளைக்கு அது வேண்டவே வேண்டாம். வெயிலும் தண்ணீரும் இன்னொன்று. மன்னார்த் தீவின் கிணறுகள் பல உவர். பட்டினத்துக்கு நல்ல தண்ணீர் முருங்கனிலிருந்து குழாயில் வருகிறது. பாடசாலையில் தண்ணீர் பிடிக்காமல் மதியம் வரை காய்கிற பிள்ளை, வாந்தி வயிற்றோட்டம் வந்த பிள்ளை, இரண்டுக்கும் சிறுநீரகத்தில் ஆபத்து உண்டு. தோழர்களைப் பார்த்து நோன்பு பிடிக்க ஆசைப்படும் பிள்ளையை ஏச வேண்டியதில்லை. நோயாளிக்கு மார்க்கம் கொடுத்திருக்கும் சலுகையைச் சொல்லி, கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம்.

இவ்வளவும் பார்த்துக் கண்டுபிடித்தால் பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒரு நல்ல பதில் இருக்கிறது. ஐரோப்பாவில் 385 பிள்ளைகளை வைத்து நடத்தி 2009இல் வெளியான ஆய்வு அது. மச்சை மாற்றியவர்கள் அல்லர், வேறு காரணங்களால் நாட்பட்ட சிறுநீரக நோய் வந்த பிள்ளைகள். எல்லாருக்கும் ராமிப்ரில் என்ற பிரஷர் மருந்து. ஒரு பிரிவினரின் பிரஷரை வழக்கமான எல்லைக்குள் வைத்தார்கள். மற்றப் பிரிவினருக்கு மருந்தைக் கூட்டி இன்னும் கீழே இறக்கினார்கள். ஐந்து வருடத்தில், முதற் பிரிவில் ஏறத்தாழ 42 சதவீதத்தினருக்குச் சிறுநீரகம் பாதியாகக் குறைந்தது அல்லது செயலிழந்தது. இறுக்கிப் பிடித்த பிரிவில் அது 30 சதவீதம். மலிவான மருந்து, ஒழுங்கான அளவீடு, வேறொன்றும் இல்லை. நேரத்தோடு கண்டுபிடித்தால் டயலிசிஸைப் பல வருடங்கள் தள்ளிவைக்கலாம், சிலருக்குத் தேவையே வராமலும் போகலாம்.

அதையும் மீறிச் சிறுநீரகம் போய்விட்டால்? இங்கே மருத்துவம் எதிர்பாராத ஒரு கதவைத் திறந்திருக்கிறது. மச்சை தந்தவரே சிறுநீரகமும் தந்தால், பிள்ளையின் எதிர்ப்புச் சக்தி ஏற்கெனவே அவருடையதாக மாறியிருப்பதால், அந்தச் சிறுநீரகத்தை உடம்பு அந்நியமாகப் பார்ப்பதில்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் வைத்தியர்கள் அரிய பரம்பரை நோயுள்ள மூன்று பிள்ளைகளுக்கு முதலில் பெற்றோரின் மச்சை அணுக்களையும் பிறகு அதே பெற்றோரின் சிறுநீரகத்தையும் பொருத்தி, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளையே நிறுத்திய செய்தி 2022இல் வெளியானது. அடுத்த வருடம் லண்டன் கிரேட் ஓர்மண்ட் ஸ்ட்ரீட் சிறுவர் வைத்தியசாலையில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்திக்குத் தாயின் மச்சையும் தாயின் சிறுநீரகமும் அப்படியே பலித்தன. தலசீமியாவுக்கு மச்சை மாற்றிய பிள்ளையின் கொடையாளி பெரும்பாலும் சொந்தச் சகோதரர் அல்லது சகோதரி. அவரும் சின்னப் பிள்ளை என்பதால் இந்தக் கதவு உடனே திறக்காது. ஆனால் கொடையாளி யார் என்பதும் அந்த ஒரு பக்கத்தில் எழுதப்பட வேண்டிய செய்திதான்.

இவ்வளவையும் மன்னாரில் யார் செய்வது? சிறுநீரக நிபுணர் ஒருவர் மன்னாரில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று கேட்பது இன்றைய நிலையில் வெறும் ஆசை. தேவையானது மன்னார் பொது வைத்தியசாலையின் சிறுவர் கிளினிக்கில் வருடத்துக்கொரு நாளும், இந்தப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலும். வராத பிள்ளையின் வீட்டுக்கு ஒரு தகவல் அனுப்ப, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் குடும்ப நல உத்தியோகத்தரும் ஏற்கெனவே இருக்கிறார்கள். உயரத்தையும் பிரஷரையும் கிரியாட்டினினையும் சிறுநீர் றிப்போட்டையும் கொழும்பு லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ பேராதனைக்கோ அனுப்பி அபிப்பிராயம் கேட்கத் தொலைபேசி போதும். எண்கள் ஓடும், பிள்ளை முந்நூறு கிலோமீற்றர் பஸ்ஸில் ஓட வேண்டியதில்லை. கடலுக்குப் போன தகப்பன் திரும்பும்வரை காத்திருந்து, மற்றப் பிள்ளைகளை யாரிடமாவது விட்டுவிட்டு, இராப் பஸ்ஸில் கொழும்பு போய்வரும் ஒரு தாயிடம், 'ஒன்றும் இல்லை, அடுத்த வருடம் வாங்கோ' என்று சொல்லி அனுப்பினால், அடுத்த வருடம் அவர் வராமல் விடுவதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

மிகக் கவலையான காலம் பதினான்கு வயதுக்குப் பிறகு தொடங்குகிறது. சிறுவர் வார்டு கைவிடும், வளர்ந்தோர் கிளினிக்குக்கு இந்தப் பெயரே தெரியாது. பிள்ளை ஓடியாடித் திரியும், பரீட்சை எழுதும், காற்பந்து அடிக்கும். சிறுநீரகம் முக்கால்வாசி போகும்வரைகூட உடம்பு எதையும் காட்டிக்கொடுக்காமல் இருக்கலாம். இருபது இருபத்தொரு வயதில் கட்டாருக்கோ சவூதிக்கோ போக மெடிக்கல் எடுக்கும்போதுதான் சிறுநீரில் புரதம், கிரியாட்டினின் கூடுதல் என்று ஒரு கடதாசி கைக்கு வரும், விசாவும் போய்விடும். சிறுவயதில் எதற்காகச் சென்னைக்குப் போனோம் என்பதே அந்த இளைஞனுக்கு மங்கலாகத்தான் ஞாபகம் இருக்கும். இந்த வயதைக் கடக்கும் ஒவ்வொரு பிள்ளையையும் சிறுவர் கிளினிக், பதிவேட்டின் அந்தப் பக்கத்தோடும் ஒரு கடிதத்தோடும், வளர்ந்தோர் கிளினிக்கின் பெயர் குறித்த ஒரு வைத்தியரிடம் கையளிக்க வேண்டும். அதை ஏற்றுக்கொண்டதாக அந்த வைத்தியரும் ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். மன்னாரில் இது இந்த வருடமே தொடங்கக்கூடிய வேலை.